பிற வட்டம்

மூன்றாம் காலாண்டு அறிக்கை.
திரையில் இரண்டு கோடுகள்:
மன்னார்குடி ஏறுகிறது,
கடலோர வட்டம் இறங்குகிறது.
கூட்டத்தில் அவர்களுக்குக் கைதட்டல்.
எனக்கு, பாதி சமோசா வாயில் இருக்கும்போது,
ஒரு கேள்வி:
"உங்க பக்கம் மட்டும் ஏன் சார் கூடுது?"

சொல்லலாம்தான்.
அந்தக் கோட்டை ஏற்றியவர்களில் ஒருத்தி
விடிகாலை ஐந்தேகால் பேருந்தில் வருகிறாள்,
கடைமடையிலிருந்து.
அவள் ஊரிலேயே சுகாதார நிலையம் இருக்கிறது,
நடந்தால் எட்டு நிமிடம்.
அங்கே மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள்
இவள் நாத்தனாரோடு சீட்டுப் போடுகிறவள்.
எட்டு நிமிடத்தைத் தாண்ட முடியாமல்
நாற்பத்தாறு கிலோமீட்டர் வருகிறாள்.

தையல்நாயகி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அது அவள் பெயர் அல்ல.
வயது உண்மை, முப்பத்தொன்பது.
எடையும் உண்மை, முப்பத்து நாலு கிலோ,
முதல் நாள், செருப்போடு.

அன்றைக்குச் சளி டப்பாவை
முந்தானைக்குள் பொத்திக் கொண்டுவந்தாள்,
சூடு ஆறக் கூடாத பண்டத்தைப் போல.
கருவி இரண்டு மணி நேரத்தில் ஆமென்றது.
நம்பிக்கை மையத்தில் இன்னொரு ஆம்.
அந்த அறைக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ.
வெளியே வந்தவள் கேட்டது ஒன்றுதான்:
"எது மொதல்ல வந்துச்சு சார்?"

புத்தகத்தில் பதில் இருக்கிறது.
ஒன்று வரப்பை வெட்டும்,
மற்றது உள்ளே பாயும்.
அவள் கேட்டது அதையல்ல.
அறுவடை இயந்திரம் ஓட்ட நெல்லூர் போய்
இருமிக்கொண்டே திரும்பி
போன தையில் போய்ச் சேர்ந்த ஓர் ஆளைப் பற்றி.
நான் எடை எந்திரத்தின் முள்ளையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காசநோய்க்கு மாத்திரை,
இரண்டு வாரம் கழித்துக் கூட்டு மருந்து.
சிறுநீர் செக்கச் செவேலென்று போகும்,
பயப்படாதீங்க என்றேன்.
"ஆடிப்பெருக்குத் தண்ணி மாதிரியா?"
அந்த அறையில் அன்று சிரித்தது அவள் மட்டும்.

மேட்டூர் திறந்தார்கள்.
கல்லணை தாண்டி, கிளை பிரிந்து,
தண்ணீர் அவள் ஊர் வாய்க்காலுக்கு வரப்
பதினெட்டு நாள்.
மாத்திரைச் சரக்கும் அப்படித்தான் அந்த மாதம்.
தஞ்சாவூரில் நின்றது,
திருவாரூரில் நின்றது,
ஆறு நாளுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் நடவு.
கூலி முந்நூற்றைம்பது.
பேருந்துக்குப் போக வரத் தொண்ணூறு.
அவள் வரவில்லை.
எட்டாம் நாளும்.

பட்டியலில் பெயர் சிவப்பானது.
தேடிப் போக வேண்டும், விதி.
போனால் தெரிந்துவிடும், அதுவும் விதி.
என் வண்டியில் துறையின் பெயர்
கொட்டை எழுத்தில் இருக்கிறது.
மச்சானின் வண்டியை வாங்கிக்கொண்டேன்.
காலி விதை உறை ஒன்றில்
மாத்திரை அட்டைகளைப் போட்டு வாயை மடித்தேன்.

வயலில் பதினோரு முதுகுகள்.
"விதைக் கம்பெனியிலேருந்து வர்றேன்" என்றேன்.
நிமிர்ந்தது ஒருத்திதான்.
சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்து
உறையை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு
எல்லோருக்கும் கேட்கும்படி
"இந்த ரகம் எத்தனை நாள்ல வெளையும்?" என்றாள்.

"நூத்தி எண்பது.
ஒரு நாள்கூட நடுவுல விடக் கூடாது."

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள்
முதுகை நிமிர்த்தாமலே கத்தினாள்:
"நூத்தி எண்பதா?
தையில அணைய மூடிடுவான்,
அப்புறம் ஒன் வெதை என்னத்தக் குடிக்கும்?
எந்த மடையன் வாங்குவான் இத?"
"நான் வாங்கிட்டேன்க்கா" என்றாள் இவள்,
அடுத்த முடியைப் பிரித்தபடி.

இப்போது அறிக்கை.
அதிகரிப்புக்குக் காரணம்: என்ற கட்டம்
நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
"பிற வட்டத்தார் வருகை" என்று அடித்தேன்.
"சரியாக விளக்கவும்" என்று திரும்பி வந்தது.

நேற்று அவள் முறை.
நாற்பதில் முள் நின்று, கொஞ்சம் தாண்டி ஆடியது.
செருப்பை அவளே கழற்றி
ஓரமாக வைத்துவிட்டு ஏறியிருந்தாள்.